மேகத்தில் வைத்த பொருள்

தகவல் தொழில்நுட்பப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருநாள் விடுப்பில் இருந்தார். அவருக்கு மாற்றாக ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு நான் செல்ல நேர்ந்தது. மாணவர் எடுக்கும் படங்களும் எழுதும் கட்டுரைகளும் 'மேகத்தில்' சேமிக்கப்படும் என்று பாடக்குறிப்பில் இருந்தது. அதனை அப்படியே கூறினேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மழை பெய்தால் படமெல்லாம் கீழே கொட்டிவிடாதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு எனக்கு வெட்கத்தைத் தந்தது. அச்சிறுவன் கேட்டதில் பிழை என்ன? ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்கிறோம் என்றால், அந்த இடம் எத்தகையது, அதற்கு என்ன நேரக்கூடும், அதனைக் காப்பவர் யார் என்று கேட்பது இயல்பான அறிவு. பாட்டிமார் பரணில் ஒரு பானையை ஏற்றும்போதுகூட ஓட்டில் ஒழுக்கு உண்டா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டனர். நம் வாழ்வின் பெரும்பகுதியைக் கண்ணால் காணாத ஓரிடத்தில் ஏற்றி வைத்துவிட்ட நாமோ அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டோம்.

உண்மையில் அந்த மேகத்தைக் காண்பதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தென் ஜொகூரில் வாழ்கின்ற எங்களுக்கு அது நெடுஞ்சாலை ஓரத்திலேயே தெரிகிறது. கூலாய் வட்டாரத்திலும், செடெனாக் பக்கத்திலும், நூசாஜெயாவிலும் சாளரம் இல்லாத நீண்ட கட்டடங்கள் எழுந்துள்ளன, இன்னும் எழுந்துகொண்டிருக்கின்றன. தரவு மையங்கள் என்று அவற்றிற்குப் பெயர். உள்ளே அஞ்சல் நிலையத்தின் கடிதப் பெட்டிகளைப்போல் அடுக்கடுக்காகக் கணினிகள்; ஓயாது சுழலும் விசிறிகள்; மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் தாங்கிக்கொள்ள மின்கலங்கள்; அதற்கும் மேல் டீசல் மின்னாக்கிகள். ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்குச் செல்லும் செய்திகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வானத்தின் வழியாகச் செல்வதில்லை. கடலடியில் கிடக்கும் கம்பிவடங்களின் வழியாகவே செல்கின்றன. ஆகவே மேகம் என்று நாம் சொல்லும் பொருள் பாதி நிலத்தில் நிற்கிறது. பாதி கடலடியில் கிடக்கிறது.

இதற்கு மேகம் என்னும் பெயர் வந்த வரலாறு எண்ணத்தக்கது. பொறியாளர்கள் தொலைத்தொடர்பு வலையின் வரைபடத்தைத் தீட்டும்போது, உள்ளே நடப்பதை விரித்துக் காட்டத் தேவையில்லாத பகுதியை ஒரு மேகத்தின் வடிவமாக வரைந்து விடுவது வழக்கம். 'இதற்குள் என்ன நடக்கிறது என்று நீ கவலைப்பட வேண்டா' என்பதே அந்த ஓவியத்தின் பொருள். மின்சாரத்தைப்போல, குழாய்நீரைப்போலக் கணிப்பு ஆற்றலும் ஒரு நாள் பொதுச்சேவையாக வழங்கப்படலாம் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961 ஆம் ஆண்டிலேயே கூறினார். 2006 ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணிப்பு ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அக்கூற்று நடைமுறைக்கு வந்தது. இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றியன்று. 2020 ஆம் ஆண்டு நோய்த்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது, எழுபது மாணவரே பயிலும் எங்கள் பள்ளியும் ஒரு பெரிய வங்கியும் ஏறக்குறைய ஒரே வகைக் கருவியைக் கொண்டு பணியாற்ற முடிந்தது. சொந்தமாகக் கணினிக் கூடம் கட்ட எங்கள் வாரியத்திடம் பணம் ஏது?

எனினும், கவலைப்பட வேண்டா என்று வரைந்த படம் பொறியாளருக்கு வசதியாகலாம். குடிமகனுக்கு அது வசதியாகிவிடலாகாது.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் முடிவில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. இஃது இயற்கை விதி. எந்த நிறுவனமும் இதற்கு விலக்குப் பெற இயலாது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் பழைய வழி நீரை ஆவியாக்குவது. ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தைப் போக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும் என்பதை ஆறாம் படிவ இயற்பியல் கற்ற எவரும் கணக்கிடலாம். நூறு மெகாவாட் மின்சாரம் உண்ணும் ஒரு மையம் தன் வெப்பம் முழுவதையும் இவ்வழியே போக்குமானால், நாளொன்றுக்கு முப்பத்தாறு இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 240 லிட்டர் நீரைப் புழங்குகிறார் என வைத்துக்கொண்டால், அது 15,000 பேர் வாழும் ஊர் ஒன்றின் நீர். எல்லா மையங்களும் இப்படிச் செய்வதில்லை. காற்றால் குளிர்விப்பன உண்டு. மூடிய குழாய்களில் ஒரே நீர்மத்தைச் சுழலவிட்டுக் குளிர்விப்பன உண்டு. கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்துவனவும் உண்டு. ஆயினும் நீரை மிச்சப்படுத்தினால் பெரும்பாலும் மின்சாரம் கூடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் நீர் கூடுகிறது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொள்ளும் கணக்கு இது.

உலகத் தரவு மையங்கள் 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரத்தை உண்டன என்றும், இஃது உலக மின்பயன்பாட்டில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்றும் அனைத்துலக எரிசக்தி முகவாண்மை கணித்துள்ளது. 2030 ஆம் ஆண்டில் அது 945 ஆக உயரலாம் என்பதும் அதன் மதிப்பீடு. நூற்றுக்கு ஒன்றரை என்றால் சிறிது என்று தோன்றும். ஆனால் இப்பாரம் உலகெங்கும் சமமாக விழுவதில்லை. விழும் இடத்தில் மொத்தமாக விழுகிறது. அயர்லாந்தில் 2023 ஆம் ஆண்டில் அளந்து வழங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கைத் தரவு மையங்களே உண்டன. சிங்கப்பூரில் 2020 ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு ஏழு. நிலமும் நீரும் மின்சாரமும் அருமையான அத்தீவு 2019 ஆம் ஆண்டில் புதிய மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்தி வைத்தது. 2022 ஆம் ஆண்டில் மீண்டும் கதவைத் திறந்தபோதும் கடும் நிபந்தனைகளுடனேயே திறந்தது.

ஓர் அரசு தன் வீட்டில் இடமில்லை என்று சொல்வது நேர்மையான சொல். ஆனால் தேவை நின்றுவிடவில்லையே! அது பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. ஜொகூரில் தரவு மையங்கள் பெருகியதற்கு வேறு காரணங்களும் உண்டு. நிலம் மலிவு, கடலடி வடங்கள் அருகில், அரசின் வரவேற்பு என்று பலவற்றைச் சொல்லலாம். எனினும் சிங்கப்பூரின் நிறுத்தம் அவற்றுள் பெரியது. 2024 ஆம் ஆண்டில் இவற்றின் விண்ணப்பங்களை ஆராய ஜொகூர் மாநில அரசு தனிக் குழு ஒன்றை அமைத்தது. வந்த விண்ணப்பங்களுள் சிலவற்றைத் திருப்பியும் அனுப்பியது. வரவேற்றவர்களே வாயிற்காவலையும் மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே என் சொந்தக் கதை சிறிது குறுக்கிடுகிறது, வாசகர் பொறுத்தருள்க. நான் பிறந்தது இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். மரங்கள் வீழ்ந்து செம்பனை வந்தது, பின்னர் மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போயினர், செம்பனையும் போயிற்று. கூலாயில் இப்போது மிகப் பெரிய தரவு மைய வளாகம் ஒன்று எழும் 1,640 ஏக்கர் நிலமும் நேற்றுவரை செம்பனைத் தோட்டமாக இருந்ததே. உலகின் நினைவைச் சேமிக்கும் கட்டடங்கள் எழும் மண்ணில், அம்மண்ணில் வாழ்ந்தவர்களின் நினைவைச் சேமித்தவர் சிலரே என்னும் எண்ணம் அவ்வழியே செல்லும்போதெல்லாம் எழுகிறது.

இதனை என் நண்பராகிய கணித ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் நேரடியாகப் பேசுபவர். "உங்கள் அப்பா வெட்டிய பால் எந்த நாட்டு வண்டிச் சக்கரத்திற்குப் போனது என்று அவர் கேட்டாரா? அன்று ரப்பர், பிறகு செம்பனை, இன்று கணினி. ஊரான் பயன்பாட்டுக்கு நம் மண்ணைத் தருவது நமக்குப் புதிதா, என்ன?" என்றார். எனக்கு உடனே விடை வரவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தேன். தந்தையார் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்கும் நிலையில் அவரை எவரும் வைக்கவில்லை. அவர் கேளாததை நானும் கேளாதிருப்பதற்கு அது காரணமாகுமா? மேலும், தோட்டத்திற்கு நூற்றுக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. அதனால் கொடுமைகளுக்கு நடுவிலும் ஓர் ஊர், ஒரு கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி தோன்றின. தரவு மையம் கட்டி முடிந்ததும் அதற்கு வேண்டிய கைகள் சிலவே. அதனைச் சுற்றி ஊர் தோன்றாது. எங்கள் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் அப்படி ஒரு மையத்தில் குளிரூட்டுக் கருவிகளைப் பேணும் பணியில் இருக்கிறான், நல்ல ஊதியம் பெறுகிறான், வீடும் வாங்கிவிட்டான். அவன் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவனுடன் படித்த இருபது பேருக்கு அங்கே இடமில்லை.

நீரும் நெருப்பும் ஒருபுறம் இருக்க, இம்மேகத்தைப் பற்றிய அறக்கேள்வியின் மற்றொரு பாதியை எனக்குக் கற்பித்தது எங்கள் பள்ளியில் நேர்ந்த ஓர் இழப்பு.

பள்ளியின் ஆண்டுவிழா மலருக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்த்த படங்கள், பழைய மாணவரின் நேர்காணல்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் குரற்பதிவுகள் ஆகிய அனைத்தையும் ஆர்வமிக்க ஆசிரியர் ஒருவர் தம் பெயரிலான மின்கணக்கு ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றார், கணக்கு முடிவுற்றது. முன்னறிவிப்பு மடல் வந்திருக்கிறது. ஆனால் அந்த முகவரியை எவரும் திறந்து பார்க்கவில்லை. நாங்கள் தேடிய நாளில் ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டோம். பண்பான சொற்களில் மறுமொழி வந்தது, பொருள் வரவில்லை. குற்றம் யாருடையது? ஆசிரியர் தம்மால் இயன்றதைச் செய்தார். நிறுவனம் தன் விதிப்படி நடந்தது. தலைமையாசிரியனாகிய நான், 'அதெல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறது' என்று மூன்று கூட்டங்களில் அறிக்கை வாசித்தேன். பத்திரம் என்ற சொல்லை நான் எந்த உரிமையில் சொன்னேன்? அந்தக் குரற்பதிவுகளுள் ஒன்று, பள்ளியின் முதல் மாணவர் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியுடையது. அவர் இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்பதற்காக அவருடைய மகனைப் பார்க்கப் போனபோது, அவர் என்னைத் தேற்றினார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இத்தகைய இழப்பு எங்களைப்போன்ற சிறியவர்க்கு மட்டும் உரியதன்று. 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையம் தீப்பற்றி எரிந்தது; வேறு படி எடுத்து வைக்காதவர்கள் தம் பொருளை இழந்தனர். 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர் தம் ஆவணங்களைச் சேமித்து வைத்த பொதுக் களஞ்சியம் ஒன்று அடியோடு அழிந்தது. அளவிலே மிகப் பெரியது என்பதால் அதற்கு வேறிடத்தில் படி எடுத்து வைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது! எங்கள் பள்ளி அறையில் மூடிக் கிடந்த இரும்பலமாரியிலோ 1950களின் பள்ளிக் குறிப்பேடு ஒன்று இன்னும் இருக்கிறது. கரையான் ஓரங்களைத் தின்றுவிட்டது, மை மங்கிவிட்டது, எனினும் படிக்க முடிகிறது.

உடனே, ஏடே சிறந்தது, கணினி தாழ்ந்தது என்று முடிவுகட்டுவோர் நம்மிடையே உண்டு. அஃது எளிய முடிவு, ஆகவே ஐயத்திற்குரியது. 1981 ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் பல வேறெங்கும் இல்லாதவை. அந்தத் துயரத்தை அறிந்த மக்களிடையிலிருந்தே 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் தோன்றியது. சிங்கப்பூரில் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்று 2015 ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. அவை எல்லாம் கணினிகளில்தாம் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது? ஓலையும் இறவாப் பொருளன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு சில நூற்றாண்டுகளே தாங்கும். பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலையின் வலிமையால் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்து மறுபடி எழுதியதால். எழுத ஆள் இல்லாத நூல்கள் பெயர் மட்டும் எஞ்ச மறைந்தன.

ஆக, இடம் எதுவாயினும் காவல் என்பது ஒரு மனிதனின் வினை. பொருளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பையும் கூடவே ஒப்படைத்துவிட்டதாக எண்ணியதுதான் நான் செய்த பிழை. மேகம் என்னும் பெயர் அந்தப் பிழைக்குத் துணைநின்றது. 'அயலூரில், அயலார் ஒருவருடைய கட்டடத்தில், மாத வாடகைக்கு வைத்திருக்கிறோம்' என்று அறிக்கையில் எழுதியிருந்தால், வாரியத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து வினவியிருப்பார்.

அடுத்த சிக்கல் இதனினும் கடினமானது. காவல் மனித வினை என்றால், எதைக் காப்பது? எங்கள் ஆசிரியர் புலனக் குழுவில் ஒரே பொங்கல் வாழ்த்துப் படத்தை முப்பத்தோரு பேர் அனுப்பினர். (முப்பத்திரண்டாமவன் நான்.) அவை அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் படியாக நிற்கின்றன. பயனற்றதை நீக்குவது சிக்கனம், சிக்கனம் அறம் என்று மாணவருக்குச் சொல்லலாம் என எண்ணினேன். ஆறாம் ஆண்டு மாணவரிடம், வீட்டுக் கைப்பேசியில் உள்ள படங்களுள் பத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எவற்றை வைப்பீர்கள் என்று கேட்டேன். பலர் பிறந்தநாள் படங்களைச் சொன்னார்கள். ஒரு மாணவி, தன் தாத்தா சைக்கிள் பழுது பார்க்கும்போது அவர் அறியாமல் எடுத்த ஒரு படத்தை முதலில் சொன்னாள். முகம்கூடத் தெரியாத படம் அது. "அதில் தாத்தாவின் கை நன்றாகத் தெரியும், ஐயா" என்றாள். பத்தைத் தேர்ந்தெடுக்க அவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இச்சிக்கன அறத்திற்கு எதிராகவும் ஒரு சான்று என்னிடமே உள்ளது. என் பாட்டியாரின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம், தோட்டத்துக் கிராணி எழுதிய பழைய செக்ரோல் ஏட்டின் ஒரு பக்கம். நாட்கூலி, வேலைக்கு வராத நாள், பிடித்தம் ஆகியன அதில் உள்ளன. எழுதிய கிராணி அதனை ஒரு நாளும் அரிய ஆவணம் என்று கருதியிருக்கமாட்டார். கணக்கு முடிந்ததும் எரித்திருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கவும் முடியாது. இன்று குப்பை என்பது நாளைய செல்வமாகலாம். யார் முன்கூட்டி அறிவார்? அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதே நல்லதா? நெடுநாள் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடினேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. எண்ணிக்கையை வைத்து இக்கேள்வியைத் தீர்க்க இயலாது. நாம் நூறு படங்களை நீக்குவதால் எந்த ஆறும் நிறையப்போவதில்லை. இன்றைய தரவு மையங்களின் பசி நம் படங்களால் பெருகியதன்று. செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பயிற்றுவதும் அவற்றை இயக்குவதுமே அப்பசியை வளர்க்கின்றன. 1979 ஆம் ஆண்டு விபத்து நேர்ந்த அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், விபத்துக்குள்ளாகாது பின்னர் 2019 ஆம் ஆண்டில் மூடப்பட்ட மற்றோர் உலையை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை இருபதாண்டுகள் வாங்குவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் உடன்பாடு செய்தது. அந்த அளவுப் பசிக்கு முன் நம் பொங்கல் வாழ்த்து எம்மாத்திரம்! ஆகையால், 'நீ உன் கைப்பேசியைத் துடைத்துக்கொள், உலகம் பிழைக்கும்' என்று சிறுவருக்குச் சொல்வது பெரியவர் தம் பொறுப்பைச் சிறுவர்மேல் இறக்கி வைப்பதாகும். நிறுவனம் எவ்வளவு நீர் எடுக்கிறது, எந்த மின்சாரத்தை உண்கிறது, வறட்சி வந்தால் முதலில் யாருடைய குழாய் அடைபடும் என்பவற்றை ஊரறியச் சொல்ல வேண்டியவர்கள் அதனை நடத்துவோரும் அதற்கு இசைவளிப்போரும். கேட்க வேண்டியவர்கள் நாம். தோட்டத்து லயத்தில் நீர்க்குழாய் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி திறந்த காலத்தை நினைவில் வைத்திருப்போர்க்கு இக்கேள்வி வெறும் கருத்தளவில் எழுவதன்று.

எதிர்காலம் எவ்வாறு இருக்கும்? தொழில்நுட்பத்தில் திறன் கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில் கணினி அறைகளைக் கடுங்குளிரில் வைக்காமல் 26 பாகை செல்சியசிலும் அதற்கு மேலும் இயக்கலாம் என்று சிங்கப்பூர் 2023 ஆம் ஆண்டில் வழிமுறை வகுத்தது. ஒவ்வொரு பாகைக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை மிச்சமாகலாம் என்பது அதன் கணக்கு. மைக்ரோசாப்ட் 2018 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவருகே எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளை ஓர் உருளையில் அடைத்துக் கடலில் இறக்கி, இரண்டாண்டு கழித்து எடுத்துப் பார்த்தது. அவை நிலத்தில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே பழுதடைந்திருந்தன. எனினும் அம்முயற்சி தொடரவில்லை. இப்படிப் பலவும் வரும், போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் திறன் கூடும்போது மிச்சமான இடத்தில் மேலும் ஒரு மையம் எழுவதைத்தான் இதுவரை கண்டோம்.

எதிர்காலத்தின் வேறு முகத்தை இரு சிறு நாடுகள் காட்டுகின்றன. எசுத்தோனியா தன் அரசு ஆவணங்களின் படியை லக்சம்பர்க்கில் உள்ள தரவு மையத்தில் வைக்க 2017 ஆம் ஆண்டில் உடன்பாடு செய்தது. தூதரகத்திற்கு உள்ள காப்புரிமை அக்கணினிகளுக்கும் உண்டு. நிலம் படையெடுப்பில் போனாலும் ஆவணம் போகாது என்பது அவர்கள் எண்ணம். பசிபிக் கடலில் உள்ள துவாலுவின் நிலை இன்னும் நெஞ்சை உருக்குவது. கடல்மட்டம் உயர்ந்தால் மூழ்கிவிடும் அத்தீவு, தன் நிலத்தின் வடிவையும் பண்பாட்டையும் மின்னிலக்க நாடாகப் பதிந்து காக்கப் போவதாக 2022 ஆம் ஆண்டில் அறிவித்தது. புவி வெப்பத்தால் மூழ்கும் நாடு தன் நினைவை வைக்க நாடும் இடமும் மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழும் ஒரு கட்டடமே. அதனைத் தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வேறு எங்கே வைப்பார்கள்? நிலத்தை இழந்து நினைவை மட்டும் சுமந்து செல்வது என்ன என்பதைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் ஓரளவு அறிவோம். எசுத்தோனியர் ஒரு கட்டடத்தின் பெயரையும் அதன் காவலரையும் அறிந்து வைத்தனர். அந்த வேறுபாட்டையே நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு சிறு பணி நடக்கிறது. கரையான் தின்ற அக்குறிப்பேட்டை மேல்வகுப்பு மாணவர் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கின்றனர்; அதே நேரத்தில் இருவர் அதனைக் கையாலும் படியெடுக்கின்றனர். மங்கிய எழுத்தைப் படிக்க முடியாதபோது ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வருகின்றனர். படிகள் மூன்று. அவற்றிற்கென ஒரு பதிவேடு திறந்தோம். மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்ட சிறுவன் இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறான். பதிவேட்டில் கோடு போடும் வேலை அவனுடையது. 'எங்கே இருக்கிறது', 'யார் பார்த்துக்கொள்கிறார்' என்று இரண்டு கட்டங்களை அவனே சேர்த்தான்.

முதற்படிக்கு எதிரே பள்ளி அலுவலகத்து இரும்பலமாரி என்று எழுதினான். என் பெயரை இட்டான். இரண்டாம் படிக்கு எதிரே ஊர்க் கோவில் நிர்வாகத்தின் பெயரை எழுதினான். மூன்றாம் படி மேகத்தில் இருக்கிறது. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்று கேட்டு அந்நிறுவனத்திற்கு எழுதினோம். எங்கள் வட்டாரத்தில்தான் என்று மட்டும் மறுமொழி வந்தது. பாதுகாப்புக் கருதி அதற்குமேல் சொல்வதற்கில்லையாம். அவன் அதைப் படித்துவிட்டு, "வட்டாரம் என்றால் எவ்வளவு தூரம், ஐயா?" என்று கேட்டான். நான் மறுபடி எழுதியிருக்கிறேன். அதுவரை அந்த இரண்டு கட்டங்களையும் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறான்.